உபரியாகக் கிடைத்த கடவுள்

ரோபோ என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 'என் இனிய இயந்திரா' காலத்திலிருந்து 2010ல் வந்த 'எந்திரன்' வரைக்கும் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் அந்தச் சொல் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் அமெரிக்கா என்பார்கள். இல்லை. அது செக் மொழி. ஊர், பிராக். அங்கே 1920ல் காரெல் சாப்பெக் என்கிற பத்திரிகைக்காரர் ஒரு நாடகம் எழுதினார். மனிதனுக்குப் பதிலாக வேலை செய்யும் செயற்கை மனிதர்கள். அவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஓவியரான தன் அண்ணன் யோசெப்பிடம் போய்க் கேட்டார். வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்த அண்ணன், தலையைத் திருப்பாமலேயே சொன்ன பதில்தான் ரோபோட். செக் மொழியில் ரோபோட்டா என்றால் பண்ணையாருக்குச் செய்கிற கூலியில்லா வேலை. நம் பாஷையில் வெட்டி.

அந்த நாடகம் உலகம் சுற்றியது. சாப்பெக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. எல்லாம் சரி. நாம் பார்க்கப் போவது அதையல்ல. அதற்கு அடுத்த வருஷம் அவர் எழுதிய இன்னொன்றை. அதிகம் பேர் படிக்காத ஒரு நாவல். விழுந்து விழுந்து சிரிக்கவைத்துவிட்டு, கடைசியில் வயிற்றைக் கலக்குகிற நாவல். செக் தலைப்பை அப்படியே தமிழில் சொன்னால், 'முழுமுதலைத் தயாரிக்கும் தொழிற்சாலை.'

முழுமுதல் என்றால்? சந்தேகமே வேண்டாம். கடவுள்தான்.

*

கதை 1943ம் வருஷம், புத்தாண்டு தினத்தன்று தொடங்குகிறது. எழுதியவர் 1921ல் உட்கார்ந்துகொண்டு இருபத்திரண்டு வருஷம் தள்ளி யோசித்திருக்கிறார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிராக் நகரத்தில் ஒரு பெரிய தொழிலதிபர். பெயர் போண்டி. பேர்தான் போண்டி, ஆள் கோடீஸ்வரர். காலையில் பேப்பர் படிக்கிறார். நிலக்கரி விலை ஏறிக்கொண்டே போகிறது என்பது அவருடைய கவலை. அப்போது மூலையில் ஒரு வரி விளம்பரம் கண்ணில் படுகிறது. நல்ல லாபம் தரக்கூடிய கண்டுபிடிப்பு ஒன்று சொந்தக் காரணங்களால் உடனடியாக விற்பனைக்கு. விளம்பரம் கொடுத்தவர், கூடப் படித்த மாரெக். எஞ்சினியர்.

கிளம்பிப் போகிறார். ப்ரெவ்னோவ் என்ற இடத்தில் மாரெக்கின் வீடு. வீட்டுக்கு அடியில், நிலவறையில், ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு கார்புரேட்டர் என்று பெயர். ஸ்கூட்டரில் இருக்கும் கார்புரேட்டர் இல்லை. இது வேற. துளி நிலக்கரியைப் போட்டால் போதும். மாசக்கணக்கில் ஓடும். காரணம், இது கரியை எரிக்கவில்லை. கரியின் அணுவையே உடைத்து, ஒரு துகள் மிச்சமில்லாமல் சக்தியாக மாற்றிவிடுகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ நிலக்கரியை அனல்மின் நிலையத்தில் எரித்தால் ஒன்றரை, இரண்டு யூனிட் மின்சாரம் தேறும். அதே ஒரு கிலோ முழுசாகச் சக்தியாக மாறினால், ஐன்ஸ்டீன் 1905ல் சொன்ன சமன்பாட்டின்படி, சுமார் 2,500 கோடி யூனிட். சைபர் விட்டுப் போய்விட்டதோ என்று பார்க்காதீர்கள். சரியான கணக்குதான். அந்த ஐன்ஸ்டீனும் 1911, 12ல் இதே பிராக்கில் பேராசிரியராக இருந்தவர்.

இவ்வளவு அற்புதமான சமாசாரத்தை மாரெக் எதற்கு விற்கிறார்? அங்கேதான் வில்லங்கம்.

உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்குள்ளும் கடவுள் இருக்கிறார் என்று ஞானிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? தூணிலும் இருக்கிறார், துரும்பிலும் இருக்கிறார் என்று நம் வீட்டுப் பாட்டிகூடச் சொல்வார். அது நிஜமாகவே உண்மையென்றால்? கரிக்கட்டைக்குள்ளும் இருப்பார் அல்லவா? கரியை ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டால், உள்ளே இருந்தவர் எங்கே போவார்?

வெளியே வந்துவிடுவார். வந்துவிட்டார். அந்த நிலவறை முழுக்க நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறார்.

போண்டி உள்ளே இறங்கிய சில நிமிஷங்களுக்குள் அவருக்கு என்னமோ செய்கிறது. உடம்பு லேசாகிறது. கண்ணில் நீர் கட்டுகிறது. மண்டியிட்டு அழலாமா, எழுந்து பாடலாமா என்று தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் பேலன்ஸ் ஷீட்டைத் தவிர வேறெதையும் பக்தியோடு பார்த்திராத மனுஷன். பதறிப்போய் மேலே ஓடிவருகிறார். மாரெக் நாத்திகர். விஞ்ஞானி. தன் இயந்திரம் தன்னையே பக்தனாக்கிக்கொண்டிருப்பது அவருக்குச் சகிக்கவில்லை. அதனால்தான் விற்கிறார்.

போண்டி வியாபாரி. யோசித்துப் பார்க்கிறார். வாங்கிவிடுகிறார்.

*

வாங்கியவர் முதல் காரியமாக ஒரு பிஷப்பை வரவழைத்துக் கருத்துக் கேட்கிறார். இந்த நாவலின் மிக அருமையான இடங்களில் ஒன்று அது. கடவுளே நேரில் கிடைக்கிறார் என்றதும் பிஷப் துள்ளிக் குதிப்பார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவர் அலறுகிறார். ஐயா, திருச்சபையின் வேலை கடவுளை ஊருக்குள் கூட்டிவருவது என்றா நினைத்தீர்கள்? அவரைக் கட்டுக்குள் வைத்திருப்பது என்கிற அர்த்தத்தில் பேசுகிறார். அணையைக் கட்டி, மதகு வைத்து, வாய்க்கால் வெட்டி, இவ்வளவு பேருக்கு இவ்வளவு என்று முறைவைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிற நிர்வாகியிடம் போய், மொத்த மேகமும் உங்கள் வீட்டு மாடியில் வந்து கொட்டப்போகிறது என்று சொன்னால் என்ன ஆகும்? அதுதான் அவருக்கு ஆனது.

போண்டி கேட்பதாக இல்லை. கார்புரேட்டர்கள் தயாராகின்றன. விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறது. தொழிற்சாலைகள், மின் நிலையங்கள், கப்பல்கள், ரயில்கள். எங்கெல்லாம் இயந்திரம் போகிறதோ அங்கெல்லாம் உபரியாகக் கடவுளும் போகிறார்.

பிராக் பக்கத்து ஆற்றில் மணல் வாருகிற ஒரு தூர்வாரிப் படகு. அதில் வேலை செய்யும் குஸெண்டாவும் அவனுடைய சகா ப்ரிக்கும் ஒருநாள் திடீரென்று ஞானிகளாகிவிடுகிறார்கள். தரிசனத்துக்குக் கூட்டம் வருகிறது. இன்னொரு பக்கம் பிண்டர் என்கிற ராட்டினக்காரர். நம் ஊர்த் திருவிழாவில் வருமே, மரக்குதிரை கட்டிய குடை ராட்டினம், அதேதான். அதற்கு கார்புரேட்டரை மாட்டினார். அவ்வளவுதான், ராட்டினத்தில் சுற்றுகிறவர்கள் எல்லோரும் பரவசமாகி இறங்குகிறார்கள். அங்கே ஒரு புது மதம் பிறந்துவிட்டது.

இரண்டு கும்பலுக்கும் உள்ளே இருப்பது ஒரே கடவுள். ஒரே கம்பெனி இயந்திரம். ஒரே மாடல். ஆனாலும் படகுக்காரர்களுக்கு ராட்டினக்காரர்களைக் கண்டால் ஆகாது. ராட்டினக்காரர்களுக்குப் படகைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நேருக்கு நேர் சந்தித்தபோது என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டைகள் உடைந்தன.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சாப்பெக் கற்பனையிலிருந்து எடுத்த சங்கதி இல்லை. சொந்த ஊர் வரலாற்றிலிருந்து எடுத்தது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

*

பொஹீமியா. இன்றைய செக் குடியரசின் பெரும்பகுதிக்குப் பழைய பெயர் அது. பிராக் அதன் தலைநகரம்.

அங்கே யான் ஹுஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1402 முதல் பிராக்கில் உள்ள பெத்லகேம் தேவாலயத்தில் மக்கள் பேசும் செக் மொழியிலேயே பிரசங்கம் செய்தவர். பாவமன்னிப்புச் சீட்டைக் காசுக்கு விற்கிறார்களே, இது அடுக்குமா என்று கேட்டவர். மார்ட்டின் லூதர் ஜெர்மனியில் இதே கேள்வியைக் கேட்பதற்கு நூறு வருஷம் முன்னால். விளக்கம் சொல்ல வா, உன் உயிருக்கு நான் ஜவாப்தாரி என்று சிகிஸ்மண்ட் அரசர் பாதுகாப்புக் கடிதம் கொடுத்து கான்ஸ்டன்ஸ் நகரத்துக்குக் கூப்பிட்டார். நம்பிப் போனார். 1415 ஜூலை 6ம் தேதி உயிரோடு கொளுத்தினார்கள். சாம்பலைக்கூட ரைன் நதியில் கொட்டிவிட்டார்கள். கொண்டுபோய் யாரும் கும்பிட்டுவிடக் கூடாதல்லவா?

செக் மக்கள் கொதித்தார்கள். 1419ல் தொடங்கி 1434 வரைக்கும் யுத்தம். ஹுஸ் கட்சியாரின் கொடியில் ஒரு கிண்ணம். பூசையில் கொடுக்கிற திராட்சை ரசம் பாதிரியாருக்கு மட்டுமா, சாதாரண மனிதருக்கும் உண்டா என்பது பிரச்னைகளில் ஒன்று. ஒரு கிண்ணம் ரசம். அதற்காக ஊர் ஊராக எரிந்தது. போப்பாண்டவர் தரப்பிலிருந்து சிலுவைப்போர்ப் படைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்த வேகத்தில் தோற்றுத் திரும்பின. அப்புறம் ஹுஸ் கட்சியாரைத் தோற்கடித்தது யார் தெரியுமா? ஹுஸ் கட்சியாரேதான். மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்து, 1434 மே 30ம் தேதி லிபானி என்ற இடத்தில் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்துக்கொண்டார்கள். படகும் ராட்டினமும்!

கதை அதோடு முடியவில்லை. 1618 மே 23. பிராக் கோட்டையில் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் புகுந்து, சக்கரவர்த்தியின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இரண்டு பேரையும் ஒரு குமாஸ்தாவையும் ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே போட்டார்கள். கிட்டத்தட்ட எழுபது அடி உயரம். மூன்று பேருமே பிழைத்துக்கொண்டார்கள். மேரி மாதா தாங்கிப் பிடித்தார் என்றது கத்தோலிக்கத் தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள், அதனால் பிழைத்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. குமாஸ்தாவை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதில் பற்றிய நெருப்புதான் முப்பதாண்டுப் போர். 1648ல் அது அணைந்தபோது மத்திய ஐரோப்பாவில் பல லட்சம் பேர் வாளாலும் பசியாலும் கொள்ளைநோயாலும் செத்திருந்தார்கள். பொஹீமியாவின் கதையோ முன்னாலேயே முடிந்துவிட்டது. 1620 நவம்பர் 8ம் தேதி பிராக்குக்கு வெளியே வெள்ளை மலை என்ற மேட்டில் ஒரு சண்டை. இரண்டு மணிநேரம்கூட முழுசாக நடக்கவில்லை. புராட்டஸ்டன்ட் தரப்பு தோற்றது. அடுத்த ஜூன் மாதம் நகரச் சதுக்கத்தில் தலைவர்கள் 27 பேருக்கு மரண தண்டனை. அதன்பிறகு மதம் மாறு, இல்லையா, மூட்டையைக் கட்டு என்று சட்டம். 1781ல் இரண்டாம் யோசெப் சக்கரவர்த்தி கொஞ்சம் தளர்த்தும் வரைக்கும் அதுதான் நிலைமை.

நாவலில் மாரெக்கின் நிலவறை இருக்கிறதே ப்ரெவ்னோவ், அங்கிருந்து வெள்ளை மலை கூப்பிடு தூரம். பிராக்கின் ஒரே மேற்குப் பக்கம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வெறும் விலாசம். செக் வாசகனுக்கு அப்படி இல்லை.

*

இதெல்லாம் பழங்கதை என்றால், சாப்பெக் கண்ணால் பார்த்தது இன்னும் மோசம்.

முதல் உலகப்போர். ஜெர்மன் சிப்பாயின் இடுப்புப் பட்டையில், கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று பொறித்திருந்தார்கள். எதிரே இருந்தவனும் தேவாலயத்தில் ஆசி வாங்கிக்கொண்டு வந்தவன்தான். செக் இளைஞர்கள் ஆஸ்திரியப் படையில் சேர்க்கப்பட்டு ரஷ்யாவை எதிர்த்துச் சண்டை போட்டார்கள். எதிர்ப்பக்கம் ரஷ்யாவோடு சேர்ந்து நின்ற படையிலும் செக் இளைஞர்கள். சாப்பெக்குக்கு முதுகெலும்பில் தீராத வியாதி. படைக்கு லாயக்கில்லை என்று விட்டுவிட்டார்கள். அவர் தத்துவம் படித்து, 1915ல் டாக்டர் பட்டம் வாங்கி, பத்திரிகை வேலைக்குப் போனார்.

1918 அக்டோபர் 28ம் தேதி செக்கோஸ்லோவாக்கியா சுதந்திர நாடானது. ஆறே நாள். நவம்பர் 3ம் தேதி ஒரு கும்பல் பிராக் நகரச் சதுக்கத்தில் இருந்த மேரி மாதா தூணைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. முப்பதாண்டுப் போர் முடிந்த கையோடு எழுப்பிய தூண் அது. வெள்ளை மலைத் தோல்வியின் சின்னம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். மூன்று நூற்றாண்டுக் கோபம் ஒரு சாயங்காலத்தில் தீர்ந்தது. 1920ல் ரோமோடு உறவை அறுத்துக்கொண்டு செக்கோஸ்லோவாக்கியத் திருச்சபை என்று தனியாக ஒன்று உருவானது. லட்சக்கணக்கானவர்கள் கத்தோலிக்க மதத்தை விட்டு வெளியேறினார்கள். அந்தத் தூண் விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தால், 2020ல் அதே இடத்தில் அதேபோல் ஒரு தூணை மறுபடி நிறுத்தினார்கள். அதற்கும் சச்சரவு நடந்தது.

1921ல், அந்தச் சூடு ஆறுவதற்குள்ளே, லிடோவே நோவினி என்ற பத்திரிகையில் சாப்பெக் இந்தக் கதையைத் தொடராக எழுதினார். அடுத்த வருஷம் புத்தகம். விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை. கோவையாக இல்லை, நாவலாகவே இல்லை என்றார்கள். அது என்னவோ வாஸ்தவம்தான். முதல் பாதி ஒழுங்காகப் போகும். பதின்மூன்றாவது அத்தியாயத்தில் ஆசிரியரே வந்து, இத்தனை பெரிய விஷயத்தை ஒரே ஆளாக எப்படி எழுதுவேன் என்று மன்னிப்புக் கேட்பார். அதன்பிறகு கதை கண்ட இடத்துக்கும் தாவும். வாராவாரம் பக்கம் நிரப்புகிறவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை புரியும்.

*

கதைக்குத் திரும்புவோம். பி.காம். படித்த எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

வெளியே வந்த கடவுள் சும்மா இருப்பாரா? படைப்பதுதானே அவர் தொழில்? தொழிற்சாலைகளுக்குள் புகுந்து தானே உற்பத்தியில் இறங்கிவிடுகிறார். தறி தானாக ஓடுகிறது. பட்டறை தானாக அடிக்கிறது. ராவும் பகலும், அளவே இல்லாமல். சின்னச் சின்ன ஆணி செய்கிற ஆலையில் ஆணி மலைபோலக் குவிகிறது. துணி, காகிதம், எல்லாம் டன் கணக்கில்.

ஆஹா, பஞ்சம் தீர்ந்தது என்றுதானே தோன்றுகிறது? அதுதான் இல்லை. நாடு முழுக்க எதுவுமே கிடைக்காமல் தவிக்கிறது!

ஏனென்றால், ஆணி குவிந்த ஊரில் ஆணியைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்து ஊரில் தேடினாலும் ஒரு ஆணி கிடையாது. ஆணியை வாங்கி மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றி, இன்னொரு ஊரில் இரண்டு காசு லாபம் வைத்து விற்கிறவன்தான் வியாபாரி. அவன் இப்போது ஞானியாகிவிட்டான். லாபம் பாவம் என்கிறான். கையில் இருக்கிற சரக்கையெல்லாம் வருகிறவன் போகிறவனுக்குத் தானம் பண்ணிவிட்டு, ஜபம் செய்ய உட்கார்ந்துவிட்டான். இலவசமாகக் கிடைக்கிற பொருளை யார் லாரி பிடித்து அனுப்புவார்கள்? கடவுளுக்குப் படைக்கத் தெரியும். விநியோகம் தெரியாது. விலை என்று ஒன்று இல்லாவிட்டால் பொருள் நகராது. பொருளாதார வகுப்பில் ஒரு வருஷம் சொல்லிக்கொடுக்கிற பாடம். சாப்பெக் ஒரு அத்தியாயத்தில் முடித்துவிட்டார்.

அப்படியானால் ஜனங்கள் பட்டினி கிடந்து சாகவில்லையா? இல்லை. காப்பாற்றியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கடவுள் இல்லை. பாதிரியார் இல்லை. சர்க்கார் இல்லை. கிராமத்துக் குடியானவர்!

மலையடிவாரத்து விவசாயி மட்டும் இந்த அருள் வெள்ளத்தில் நனையவே இல்லை. உருளைக்கிழங்கு, வெண்ணெய், மாவு எதையும் தானம் பண்ணவில்லை. மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, வேணுமா, இன்ன விலை என்றார். நேற்றைவிட இன்றைக்கு ஜாஸ்தி. நாளைக்கு இன்னும் ஜாஸ்தி. நகரத்து ஜனங்கள் கையில் இருந்ததைக் கொடுத்து வாங்கினார்கள். திட்டிக்கொண்டே வாங்கினார்கள். சாப்பிட்டார்கள். உயிர் பிழைத்தார்கள். அந்தப் பேராசை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் மனித குலமே அன்றைக்கு முடிந்திருக்கும் என்கிறார் சாப்பெக்.

இது கேலிதான். ஆனால் அவருடைய வாசகர்களுக்கு அது சுட்டிருக்கும். போர்க்காலத்தில் ரேஷன் ரொட்டி போதாமல், வீட்டில் இருந்த சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போய், மாவுக்கும் கிழங்குக்கும் பண்டமாற்றுச் செய்து வந்தவர்கள் அவர்கள். மூன்று, நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது.

*

சிரிப்பு இங்கே நின்றுவிடுகிறது.

வேண்டவே வேண்டாம் என்றிருந்த திருச்சபை, நிலைமையைப் பார்த்துவிட்டு, சரி, இவர் நம்ம கடவுள்தான் என்று முறைப்படி அங்கீகாரம் கொடுக்கிறது. உடனே மற்றவர்கள் விடுவார்களா? நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர், கட்சிக்குக் கட்சி, எங்களிடம் இருப்பதுதான் அசல் என்கிறார்கள். 1944ல் யுத்தம் மூள்கிறது. 1953 வரை ஓயவில்லை. யார் யாரோடு, எதற்காக என்று ஆசிரியராலேயே வரிசைப்படுத்திச் சொல்ல முடியவில்லை. பிரான்சில் போபினே என்றொரு சின்ன பீரங்கிப்படை அதிகாரி, நான்தான் அடுத்த நெப்போலியன் என்று கிளம்புகிறான். போண்டி? அவர் சமர்த்து. பசிபிக் கடலில் ஒரு குட்டிப் பவழத் தீவுக்கு ஓடிப்போய் ஒளிந்துகொள்கிறார்.

அந்தப் போரில் இறங்கியவர்கள் 19 கோடியே 80 லட்சம் பேர். கடைசியில் மிஞ்சிய சிப்பாய்கள் பதின்மூன்று. கோடி இல்லை, லட்சம் இல்லை. வெறும் பதின்மூன்று பேர்.

சாப்பெக் நாத்திகப் பிரசாரம் செய்கிறார் என்று தோன்றலாம். இல்லவே இல்லை. நாவலில் கடவுள் ஒரு தப்பும் செய்வதில்லை. நோயைக் குணமாக்குகிறார், அழவைக்கிறார், கொடுக்கவைக்கிறார், இரவு பகலாக உழைக்கிறார். தப்பு நடப்பது வேறு இடத்தில். ஒவ்வொருவனுக்கும் அவரிடமிருந்து ஒரு கைப்பிடி கிடைக்கிறது. அந்தக் கைப்பிடியை வைத்துக்கொண்டு, மொத்தமும் என்னிடம்தான் இருக்கிறது என்று அவன் முடிவுகட்டிவிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரனும் ஒரு கைப்பிடி வைத்திருப்பதைப் பார்த்ததும் ஆத்திரம் வருகிறது. அது போலியாகத்தானே இருக்க வேண்டும்? அளவு சின்னதாக இருந்திருந்தால் பங்கு போட்டுக்கொண்டிருப்பான். எல்லையில்லாதது என்பதுதான் சிக்கல். எல்லையில்லாததைப் பங்கு போட மனுஷனுக்குத் தெரியாது.

சாப்பெக்கின் 1944 நிஜத்தில் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். போர் வரும் என்று தோராயமாகச் சொல்லிவிட்டார். கடவுளின் இடத்தில் தேசம், இனம், தலைவர் என்று வேறு பெயர்கள் உட்கார்ந்திருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம்.

1938 செப்டம்பர் கடைசியில் ம்யூனிக் ஒப்பந்தம். செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குத் தாரை வார்த்தார்கள், அந்த நாட்டைக் கேட்காமலேயே. பல வருஷமாக நாஜிகளை எதிர்த்து எழுதிவந்த சாப்பெக்கை அவர் ஊர்க்காரர்களிலேயே சிலர் தூற்றினார்கள். மிரட்டல் கடிதங்கள் வந்தன. ஓடிப்போய்விடுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். போகவில்லை. அந்த டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினத்தன்று நிமோனியாவில் இறந்துபோனார். வயது 48.

அதே வாரம் வேறு ஒன்றும் நடந்தது. பெர்லினில் ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை வைத்துச் செய்த சோதனையில் விளங்காத ஒரு முடிவு வந்தது. நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்வீடனில் இருந்த லீசே மைட்னருக்கு அதைக் கடிதத்தில் எழுதினார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பனியில் நடந்தபடி அவரும் சகோதரி மகன் ஃப்ரிஷ்ஷும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அணு பிளந்திருக்கிறது. கொஞ்சம் எடை குறைந்திருக்கிறது. குறைந்த எடை, சக்தியாக வெளியே வந்திருக்கிறது. மாரெக்கின் இயந்திரம்! ஆறரை வருஷம் கழித்து ஹிரோஷிமாவில் ஒரு கிராமுக்கும் குறைவான பொருள்தான் சக்தியாக மாறியது. உள்ளேயிருந்து கடவுள் வரவில்லை. என்ன வந்தது என்று உலகத்துக்கே தெரியும்.

1939 மார்ச் 15ம் தேதி ஜெர்மன் படை பிராக்குக்குள் நுழைந்தது. சாப்பெக்கைக் கைது செய்ய கெஸ்டாபோ அவர் வீட்டுக்கு வந்து நின்றது. அவர் இறந்து மூன்று மாதம் ஆகப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ரோபோட் என்ற சொல்லைக் கொடுத்த அண்ணன் யோசெப் அந்தச் செப்டம்பரில் பிடிபட்டார். முகாம் மாற்றி முகாமாக இழுத்தடிக்கப்பட்டு, 1945 ஏப்ரலில், விடுதலைக்குச் சில நாள் இருக்கும்போது, பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் இறந்தார். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பதுகூடத் தெரியாது.

செக் மக்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களுக்கு மத நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நூற்றாண்டு பட்டதும், அதற்குப் பிறகு நாற்பது வருஷ கம்யூனிஸ்ட் ஆட்சியும் சேர்ந்து செய்த வேலை. அது நல்லதா, கெட்டதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. சாப்பெக்கும் போகவில்லை. ஒருவன் நம்புவதை விட்டுவிட வேண்டும் என்று அவர் எங்கேயும் சொல்லவே இல்லை.

நாவலின் கடைசி அத்தியாயம் ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் நடக்கிறது. யுத்தமெல்லாம் முடிந்துவிட்டது. இயந்திரங்கள் ஒழிந்துவிட்டன. ராட்டினக்கார பிண்டரும் படகுக்கார ப்ரிக்கும், ஒரு காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்ட அதே ஆட்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பன்றி இறைச்சிக் குடல்கறியும் புளித்த முட்டைகோஸும் வருகிறது. இந்தக் கடைக் கோஸ் நன்றாக இருக்கிறதா, வேறு விதமாகச் செய்தால் நன்றாக இருக்குமா என்று பேச்சு. நடுவே ஒருவர் சொல்கிறார். கடவுளை நம்புகிறோம், கொள்கையை நம்புகிறோம். எதிரே உட்கார்ந்திருக்கும் மனுஷனை நம்புவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

யாரும் பதில் சொல்லவில்லை. சாப்பாடு ஆறிவிடும் என்று எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிகிறார்கள்.